தூணும் முட்டும்

ஒரு கட்டடத்தைக் காண்பவர் அதன் கூரையைக் காண்கின்றனர். கதவையும் சாளரத்தையும் சுவரின் நிறத்தையும் காண்கின்றனர். இவையெல்லாவற்றையும் எது தாங்கி நிற்கின்றது என்று நோக்குபவர் மிகச் சிலர். ஆனால் நமது மொழி அவ்வாறு பாராமுகமாக இருந்ததில்லை. தூண், கால், கம்பம், கந்து, தறி, கப்பு, முட்டு, முண்டு, உதை, ஊன்று, உத்தரம், போதிகை, சுமைதாங்கி எனத் தாங்கும் பொருள்களுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பலவாம். அகராதியைப் புரட்டும் மாணவன், இவற்றுட் பலவற்றிற்குத் 'தூண்' என்றோ 'தாங்குவது' என்றோ ஒரே பொருள் எழுதப்பட்டிருத்தலைக் கண்டு, இவை ஒருபொருட் பன்மொழி போலும் என்று எண்ணிவிடுவான். அவ்வாறு எண்ணுதல் பொருந்தாது. ஒரு பொருள் நின்று தாங்குகின்றதா, சாய்ந்து தாங்குகின்றதா, கிடந்து தாங்குகின்றதா. என்றும் தாங்குவதா, சில நாளைக்கு மட்டும் தாங்குவதா என்னும் வேறுபாடு நோக்கியே இப்பெயர்கள் எழுந்தன. கட்டடத் தொழிலில் இவ்வேறுபாடு மறந்துபோன இடங்களிலும், நாம் அன்றாடம் பேசும் பேச்சில் அது மறையாது நிற்கின்றது. அதனை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கால் என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆயிரங்கால் மண்டபம் என்கின்றோமேயன்றி ஆயிரந்தூண் மண்டபம் என்று யாரும் சொல்வதில்லை. கட்டடத்தை ஓர் உயிருடைய உடம்பாகக் கருதிய காலத்தில் எழுந்த வழக்கு இது. மனிதன் காலூன்றி நிற்பதுபோல மண்டபமும் காலூன்றி நிற்கின்றது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் எண்ணிப் பார்த்தால் உள்ளவை 985 தூண்களே என்பர். ஆயிரம் என்பது அங்கே கணக்கன்று. நிறைவைக் குறித்த சொல். நமது நாட்டில் அநுராதபுரத்து லோவமகாபாயவில் வரிசைக்கு 40 ஆக 40 வரிசையில் 1600 கற்றூண்கள் நிற்கின்றன. அவற்றின்மேல் எழுந்த மாடங்கள் மரத்தாலானவை, அவை அழிந்தொழிந்தன. வெண்கல ஓடு வேய்ந்த கூரையினாற் பெற்ற பெயர் இன்னும் அவ்விடத்திற்கு வழங்குகின்றது. கூரை போயிற்று, கால்கள் நிற்கின்றன.

நாற்காலியும் முக்காலியும் இக்காலினாற் பெயர் பெற்றவை. ஓரிடத்திற் குடியேறி நிலைபெற்றவனைக் 'காலூன்றிவிட்டான்' என்கின்றோம். கட்டடப் பணி தொடங்குதலைக் கால்கோள் என்கின்றோம். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்திற் கால்கோட் காதை என்றே ஒரு பகுதி உண்டு. நான்கிலொரு பங்கைக் கால் என்பதும் நாற்கால் விலங்கின் ஒரு காலை நோக்கியே என்று கருதுவோர் உளர். அரை என்பது இடுப்பையும் பாதியையும் ஒருங்கே குறித்தலை நோக்கின், உடம்பைக்கொண்டு அளவு கண்ட முன்னோரின் வழி அதுவே எனத் தோன்றுகின்றது. நிலத்தினுள் மறைந்துகிடக்கும் அடித்தளத்திற்குங்கூடக் கடைகால் என்பதே பழம்பெயர். அதற்காகத் தோண்டும் பள்ளத்தைத் தமிழகத்துக் கொத்தர் வானம் என்பர். மேலே இருக்கும் வானத்திற்கும் கீழே தோண்டும் குழிக்கும் ஒரு பெயரா என்று மாணவர் சிரிப்பர். சிரிப்பினும், 'வானம் தோண்டினார்கள்' என்னும் வாக்கியத்தை ஒருமுறை கேட்டவர் பின்னர் மறப்பதில்லை.

இனித் தூணுக்கு வருவோம். சங்கப் பாடல்களிலேயே இச்சொல் உண்டு. புறநானூற்றிற் காவற்பெண்டு பாடிய பாட்டில், தாயிடம் வந்து 'உன் மகன் எங்கே' என்று வினவும் ஒருவர், அச்சிறு வீட்டின் தூணைப் பற்றிக்கொண்டு நின்று வினவுகின்றார். வடமொழியில் 'ஸ்தூணா' என்னும் சொல்லும் இப்பொருளதே. கம்பம், தம்பம் என்பனவும் வடமொழித் தொடர்புடையன. பெயர் எங்கிருந்து வந்ததாயினும், தூணைக் கல்லிற் செதுக்கும் கலையில் தமிழ்நாடு தனக்கெனச் சொற்களை ஆக்கிக்கொண்டது. நான்கு பக்கமாகச் செதுக்கிய தூண் பிரமகாந்தம், எட்டுப் பட்டையாயின் விஷ்ணுகாந்தம், உருண்டையாயின் உருத்திரகாந்தம். சிவலிங்கத்தின் அடிப்பாகம் சதுரமாகவும் நடுப்பாகம் எண்பட்டையாகவும் மேற்பாகம் உருளையாகவும் அமைந்து அதே மூவரைக் குறித்தல் ஈண்டு நினைக்கத்தக்கது. தூணின் மேற்பகுதியில் கலசம், தாடி, கும்பம், பாலிகை, பலகை, வீரகண்டம் என உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் சென்று, இறுதியிற் போதிகை அமைந்து, அதன்மேல் உத்தரம் கிடக்கும். தாடியும் கண்டமும் உடைய தூணை அறிவில்லாத கல் என்று யார் சொல்லத் துணிவர்?

இவ்வுறுப்புகளுட் பெரும்பாலானவை அழகுக்கு உரியன. போதிகை ஒன்றே உழைப்பிற்கு உரியது. இரு தூண்களுக்கிடையே கிடக்கும் கல்லுத்தரம் நீளமாயின் நடுவில் முறியும். தூணின் தலையில் இருபுறமும் நீண்ட ஒரு கட்டையை வைத்தால், உத்தரம் தாங்கலின்றிக் கிடக்கும் நீளம் அந்த அளவிற்குக் குறைகின்றது. மரத்தூணில் தச்சர் கண்ட உபாயம் இது. கற்றச்சர் அதனை அவ்வாறே கல்லிற் கொண்டுவந்தனர். மண்டகப்பட்டிலே மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றிக் கோயில் எடுத்ததாக 7ஆம் நூற்றாண்டிற் கல்வெட்டுப் பொறித்தான். ஆனால் அவன் குடைந்த மலையிலும் மரவீட்டின் தூணும் போதிகையும் வடிவெடுத்து நிற்கின்றன. மலையைக் குடைந்த கோயிலுக்குத் தூண் இன்றியமையாததா என்பது வேறு. பல்லவர் காலத்துப் போதிகையில் அலைபோன்ற வரிகள் இருந்தன. சோழர் அதனைச் சாய்வாக வெட்டினர். விசயநகர மன்னர் காலத்தில் அது வாழைப்பூப்போலத் தலைகவிழ்ந்து தொங்கலாயிற்று. ஒரு கோயிலின் காலத்தை அறிய விரும்புவோர் கல்வெட்டைத் தேடுமுன் போதிகையை நிமிர்ந்து நோக்கினாற் போதும் என்று கலையறிஞர் கூறுவர். இந்தச் சொல் மட்டும் ஏனோ உலக வழக்கில் நுழையவில்லை. உழைத்தும் பெயர் பெறாத உறுப்பு அது.

கற்றூணைப் பற்றி ஔவையார் மூதுரையிற் சொல்லிய ஓர் உவமையை நாமெல்லாம் சிறுவயதிற் படித்திருக்கின்றோம். பெரும்பாரம் ஏற்றினாற் கற்றூண் பிளந்துபோகுமேயன்றி வளைந்துகொடாது. மானமுடையவரும் பகைவர்முன் அத்தகையரே என்பது அதன் கருத்து. அறநூற் கருத்தாக மட்டும் அதனைப் படித்துவிட்டுச் செல்கின்றோம். அதிற் பொருளியல்பும் அடங்கியிருக்கின்றது. கல் அமுக்கத்தைத் தாங்குவதில் வலியது. வளைதலை அது அறியாது. எல்லை கடந்ததும் முன்னறிவிப்பின்றி உடையும். மரமோ முறியுமுன் வளையும், முனகும், வீட்டில் உள்ளவரை எழுப்பிவிடும். இக்காலத்துக் கொங்கிறீற்றினுள் இரும்புக் கம்பியை வைத்துக் கட்டுதலும் இதன்பொருட்டே: கம்பி இழுவையைத் தாங்கும், அளவறிந்து இட்ட கம்பியாயின், உடைவதற்குமுன் வெடிப்புக் காட்டி எச்சரிக்கவும் செய்யும். ஔவையாருக்கு மாறாகச் சென்ற ஒரு சிற்பியும் இந்நாட்டில் இருந்தான். 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன் காலத்துப் பொலன்னறுவை நிசங்க லதா மண்டபத்தில், கற்றூண்கள் தாமரைத் தண்டுகள்போல நெளிந்து நெளிந்து எழுந்து, நுனியில் மலரோடு நிற்கின்றன. வளையாத கல்லை வளைந்ததுபோலக் காட்டிய அந்தக் கைத்திறனைக் கண்டு வந்த மாணவர்க்கு மூதுரை வெண்பா முன்னிலும் நன்றாக விளங்கும்.

மலைநாட்டிற் கல்லைவிட மரமே தூணாயிற்று. கண்டிப் பகுதியில் எம்பக்கே தேவாலயத்து மரத்தூண்களின் சிற்பம் உலகறிந்தது. அதனினும் வியக்கத்தக்கது அங்கே கூரையின் ஒரு முனையில் உள்ள ஒற்றை மரக்கட்டை. 26 கைமரங்கள் வந்து கூடும் இடத்தில் அவ்வொன்றே அவற்றையெல்லாம் பற்றி நிற்கின்றது. மடோல் குருபாவ என்று சிங்களத்திற் கூறுவர். கண்டி அரண்மனையில் 1783இல் இராசாதி இராசசிங்கன் எடுக்கத் தொடங்கிய அரசவை மண்டபமும் சிற்பம் நிறைந்த மரத்தூண்களாலானது. அதற்குப் பெயர் மகுல் மடுவ. 1815இற் கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயர்க்கு உரியதாக்கிய ஒப்பந்தத்தோடு தொடர்புடைய இடம் அது. இங்கே வாசகர் ஒன்றை நோக்கல் வேண்டும். நமது தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து நிறுக்கும் கொட்டகையைக் கொழுந்து மடுவம் என்றும், குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்தைப் பிள்ளை மடுவம் என்றும் வழங்குகின்றோம். அந்த மடுவமும் அரசவையின் மடுவவும் ஒரே சொல். சுவரின்றித் தூண்களால் மட்டும் கூரை தாங்கப்பெற்ற இடம் என்பதே இரண்டிற்கும் பொது. மன்னன் கொலுவிருந்த மண்டபத்தின் பெயர் கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்களின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது மொழி செய்த நன்மையென்றே கொள்ளலாம்.

ஆனால் தோட்டத்திலே மக்கள் வாழும் வீடாகிய லயத்தில் தூண் என்று சொல்லத்தக்கது ஒன்றும் பெரும்பாலும் இல்லை. ஒரு நீண்ட கூரை. அதன்கீழ் வரிசையாகக் காம்பராக்கள். ஒரு காம்பராவையும் அடுத்த காம்பராவையும் பிரிக்கும் குறுக்குச் சுவரே கூரைமரத்தைத் தாங்குகின்றது. முன்பக்கத்து இஸ்தோப்பின் ஓரத்தில் மெல்லிய மரக்காலோ இரும்புக் குழாயோ நிற்கும்; குடும்பம் பெருகியபோது அதையும் அடைத்துச் சுவராக்கினர். எனவே தன் வீட்டைத் தாங்கும் சுவர் பாதி தன்னுடையது, பாதி அயலானுடையது. சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம் என்னும் பழமொழிக்கு லயத்திற் பொருள் சற்று மாறுபடுகின்றது. காம்பரா என்பது போர்த்துக்கேயச் சொல். இஸ்தோப்பு ஒல்லாந்தர் தந்தது. யாழ்ப்பாணத்தில் வீட்டின் குறுக்கு மரத்தைத் தீராந்தி என்பர், அதுவும் போர்த்துக்கேயமே. வீட்டிற்கு அழகு செய்வன மட்டுமன்றி, வீட்டைத் தாங்குவனவுங்கூட அயலவர் பெயரைப் பெற்றுவிட்டன. அண்மைக் காலத்தில் எழுந்த கட்டடங்களில் மேசன் பாஸ் 'பீம்' என்றும் 'பில்லர்' என்றுமே பேசுவார். அதைக் குறையென்று சொல்லேன். உத்தரம் என்று அவரிடம் சொன்னால் அவர் கடிதத்திற்கு விடை என்று நினைக்கக்கூடும்.

இதனால் நம் மலையகத்துப் பிள்ளைகளுக்குத் தூண் என்பது பெரும்பாலும் கோயிலிலும் தேயிலைத் தொழிற்சாலையிலும் காணும் பொருளாயிற்று. கொழுந்தை வாடவிடும் மேன்மாடிகளைத் தாங்கும் இரும்புத் தூண்களைத் தொழிற்சாலையிற் காணலாம். வகுப்பிலே 'தூண்' என்னும் சொல்லை அமைத்து வாக்கியம் எழுதுக என்றால், பத்திற்கு எட்டு மாணவர் 'இளைஞர்களே நாட்டின் தூண்கள்' என்று எழுதுவர். பொருளை அறியுமுன் உருவகத்தை அறிந்துகொண்டனர். ஆனால் 'முட்டு' என்று கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டிலிருந்து ஒரு வாக்கியம் கொண்டுவருவான். மழைக்காலத்தில் கூரைமரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். சாய்ந்த வாழைக்கு முட்டுக் கொடுத்தார்கள். கதவு காற்றில் திறவாதபடி முட்டு வைத்தார்கள். வாழும் சொல் எது, பாடப்புத்தகச் சொல் எது என்பதை இதினின்று அறியலாம்.

முட்டு என்பதன் இயல்பை இனிக் காண்போம். தூண் கட்டும்போதே திட்டமிட்டு வைப்பது. முட்டுப் பின்னர் வந்து சேர்வது. தூண் நிமிர்ந்து நிற்பது; முட்டுப் பெரும்பாலும் சாய்ந்து நிற்பது. தூணைக் கண்டால் வீடு வலிது என்று அறிகின்றோம். முட்டைக் கண்டால் வீடு தளர்ந்தது என்று அறிகின்றோம். கவட்டையான கொம்பை நட்டு அதன் கவையில் மரத்தைக் கிடத்தினால் அது கப்பு. அதுவும் எளிய தாங்கலேயாயினும் தொடக்கத்திலேயே வைக்கப்படுவதால் முட்டாகாது. இவ்வேறுபாட்டைப் பேச்சுவழக்குச் சிறிதும் பிசகாமற் காத்துவருகின்றது. 'அவர் இந்தக் கழகத்தின் தூண்' என்பது புகழ்ச்சி. 'அவர் இந்தக் கழகத்திற்கு முட்டுக் கொடுக்கிறார்' என்றால் அதில் ஏளனம் கலந்துவிடுகின்றது. நமது நாட்டுப் பத்திரிகைகள் ஒரு கட்சி மற்றொரு கட்சியின் ஆட்சிக்கு ஆதரவளித்தலை முண்டுகொடுத்தல் என்றே எழுதும். அச்சொல்லைப் படித்த அளவில், அவ்வாட்சி தானாக நில்லாது என்பதும் முண்டை எடுத்தால் விழும் என்பதும் சொல்லாமலே விளங்கிவிடுகின்றன. ஆதரவு என்னும் சொல்லுக்கு இந்த ஆற்றல் இல்லை.

அதே முட்டு, கட்டையோடு சேர்ந்து முட்டுக்கட்டையாகும்போது தடையாகிவிடுகின்றது. தேர்த்திருவிழாவைக் கண்டோருக்கு இதன் காரணம் தெரியும். ஓடும் தேரின் சக்கரத்தடியிற் கட்டையை இட்டு அதனை நிறுத்துவர், திருப்புவர். கட்டை போடுபவன் கைதேர்ந்தவனாக இராவிட்டாற் கை போய்விடும். அக்கட்டை தேரைக் காப்பதற்கே இடப்படுவது. ஆயினும் உலக வழக்கில் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்பது பழிச்சொல்லாக மட்டுமே வழங்குகின்றது. சரிவான நிலத்தில் வாழும் நாமாயினும் அக்கட்டைக்கு இன்னும் சற்று மரியாதை தந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

முட்டிற்கு நெருங்கிய உறவினது உதை. சுவர் ஒருபுறம் தள்ளப்படும்போது மறுபுறத்திலிருந்து அதனை எதிர்த்துத் தள்ளும் சாய்ந்த கட்டை உதைமானம். சுவராகக் கட்டினால் உதைசுவர். தாங்குதல் என்றால் மேலிருந்து வரும் பாரத்தை ஏற்றல் என்றுதான் நாம் பொதுவாக நினைக்கின்றோம். பக்கவாட்டிலே தள்ளும் விசையை எதிர்த்தலும் தாங்குதலே என்பதை இச்சொல் உணர்த்துகின்றது. கால் தாங்கும், காலே உதைக்கவும் செய்யும். வளைவுகளால் எழுந்த கட்டடம் எதுவும் தன் இரு முனைகளையும் ஓயாது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். 1921இல் தெமோதரைக்கு அருகே கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டப்பெற்ற ஒன்பது வளைவுப் பாலம் உருக்குச் சட்டமின்றி நிற்பதற்கு, ஒரு வளைவின் உதையை அடுத்த வளைவு ஏற்க, இறுதி உதையை இருபுறத்து மலையும் ஏற்றலே காரணம். பாரிசு நகரத்து நோத்ர்தாம் பேராலயத்தில் இவ்வுதைசுவர்கள் சுவரை விட்டு விலகி நின்று, வானத்தில் வளைந்து சென்று சுவரைத் தொடுகின்றன. 2019 ஏப்பிரல் 15ஆம் நாள் அதன் கூரை எரிந்து வீழ்ந்தபோது, கூரையின் பாரம் நீங்கியதனால், அவ்வுதைசுவர்களே கட்டடத்தை உள்நோக்கித் தள்ளிவிடுமோ என்னும் அச்சம் எழுந்தது. உடனே அவற்றின்கீழ் மரச்சட்டங்களை முட்டாக நிறுத்தினர். முட்டுக்கே முட்டு! 2024 திசம்பரில் ஆலயம் மீளத் திறக்கப்பட்டது.

பாரிசுக்குச் செல்வானேன்? கினிகத்தேனையில் வாழ்வோருக்கு உதையின் பாடம் வீட்டிற்குப் பின்னாலேயே இருக்கின்றது. கினிகத்தேனை என்பது 'தீப்பற்றிய சேனை' எனப் பொருள்படும் சிங்களப் பெயர். பெயர் தீயாயினும் இவ்வூரின் இயல்பு மழை. அவிசாவளையிலிருந்து அற்றன் நோக்கி ஏறும் வீதி மலையை வெட்டிச் செல்கின்றது. கடைகளும் வீடுகளும் ஒருபக்கம் வெட்டிய மண்மேட்டையும் மறுபக்கம் பள்ளத்தையும் கொண்டவை. மண்மேட்டிற்கு எதிரே கட்டும் கற்சுவரைப் பலரும் மதில் என்கின்றனர். அப்பெயரால் ஒரு பிழை நேர்கின்றது. மதில் என்பது எல்லையைக் காட்டுவது. அதற்கு ஒருபுறத்திலும் தள்ளுவார் இல்லை. மண்ணை எதிர்த்து நிற்பதோ உதைசுவர். அதற்கு அடிப்பாகம் தடித்திருத்தல் வேண்டும். மண்ணை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருத்தல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக நீர் வழிந்தோடத் துளைகள் இருத்தல் வேண்டும். மழைநீர் சுவரின் பின்னே தேங்கினால் மண்ணின் தள்ளுதலோடு நீரின் தள்ளுதலும் சேரும். அழகு கெடுமென்றும் எலி புகுமென்றும் துளைகளைச் சாந்திட்டு அடைப்போர், தாம் கட்டியது மதில் என்றே நம்புகின்றனர். சுவருக்கு ஏற்ற பெயரை வைத்திருந்தால் அத்துளைகளை அடைத்திருக்கமாட்டார்கள் என்று சொல்வது ஓர் ஆசிரியனின் மிகையாக இருக்கலாம். ஆயினும் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொசுலந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை அறிந்தவர்கள் இதனைச் சிரித்துத் தள்ளமாட்டார்கள். அத்தகைய பெருஞ்சரிவை எந்தச் சுவரும் தடுக்க இயலாது; அங்கே விலகிச் செல்லுதலே வழி. நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், சாய்ந்த மின்கம்பம், திடீரெனக் கலங்கிவரும் ஊற்று என்பனவற்றைச் சரிவின் முன்னறிகுறிகளாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கூறுகின்றது. கம்பம் என்பது நிமிர்ந்து நிற்பது. அது சாய்ந்தால் அடியிலுள்ள நிலம் நகர்கின்றது என்பது பொருள். இதனை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் கற்றல் கூடும்.

தாங்குதலைக் குறித்த சொற்களுள் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது சுமைதாங்கி. இரண்டு கற்களை நிறுத்தி, குறுக்கே ஒரு கல்லைக் கிடத்தினால் அது சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடந்துவருபவன் பிறர் துணையின்றி அதன்மேற் சுமையை இறக்கி வைத்து, இளைப்பாறி, மீளத் தலையில் ஏற்றிக்கொள்ளலாம். ஆதலால் அதன் உயரம் மனிதனின் தோளளவு. தமிழகத்துச் சாலைகளிலும் யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களிலும் மடமும் கேணியும் ஆவுரோஞ்சிக் கல்லும் அமைந்த இடங்களில் இதுவும் உண்டு. கருவுற்ற நிலையில் இறந்துபட்ட பெண்ணின் நினைவாக இதனை நாட்டுதல் மரபு. இறக்கி வைக்க இயலாத சுமையோடு சென்றவளுக்காகப் பிறர் சுமையை இறக்கும் கல். தூணுக்கும் உத்தரத்துக்கும் தமக்கென ஒரு கூரை உண்டு. சுமைதாங்கிக்கு அது இல்லை. அது வழிப்போக்கனுக்கு மட்டுமே உரியது. 'அக்காள்தான் எங்கள் வீட்டுச் சுமைதாங்கி' என்று ஒருவர் கூறும்போது, தூண் என்னும் சொல்லால் வாராத பொருள் ஒன்று வந்துவிடுகின்றது: தனக்கென ஒன்றுமின்றிப் பிறர் பாரத்தைத் தாங்கியவள் என்பதே அது. தமிழகத்தில் 1962இல் வெளிவந்த திரைப்படமொன்றும் இப்பெயர் பூண்டது.

இடையே ஒரு வேடிக்கை. நமது நாட்டில் நீர்த்தாங்கி என்றும் யுத்த தாங்கி என்றும் எழுதுகின்றோம். இவை சுமைதாங்கி, இடிதாங்கி என்பனபோலத் தோன்றினும் அவ்வினத்தைச் சேர்ந்தன அல்ல. 'டாங்க்' என்னும் ஆங்கிலச் சொல் தமிழுடை உடுத்து வந்தது. நீரைத் தாங்குதலால் நீர்த்தாங்கி பொருந்திவிட்டது. யுத்தத்தைத் தாங்குவது எது என்று கேட்டால் விடைகூற இயலாது.

மலையக மக்களைக் குறித்து மேடைகளில் நெடுங்காலமாக வழங்கும் ஒரு தொடரை இங்கே ஆராயாமல் விடலாகாது. 'நாட்டின் பொருளாதாரத்தின் முதுகெலும்பு' என்பது அது. ஆங்கில வழக்கைத் தழுவி வந்த தொடராயினும் இன்று தமிழிலே நன்கு வேரூன்றிவிட்டது. முதுகெலும்பு உடம்பினுள்ளே இருப்பது, உடம்பின் பகுதி, அதைத் தனியே எடுத்து வெளியே வைக்க ஒருவராலும் இயலாது. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பான்மையோரை நாட்டின் உடம்பிற்கு வெளியே வைத்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவிற்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, மேலும் 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என விட்டது. எஞ்சியோர்க்கு வழிவகுத்த சட்டம் 2003இலேதான் வந்தது. இத்தனை ஆண்டும் மேடையில் முதுகெலும்பு என்னும் சொல் ஓயவில்லை. நிகழ்ந்ததை நோக்கினால் அவ்விடத்திற்கு ஏற்ற சொல் முட்டு என்பதே. கட்டடத்தைத் தாங்கும்வரை வேண்டும், கட்டடத்தின் உறுப்பாக எண்ணப்படாது, வேண்டாதபோது எடுத்துவிடலாம். புகழ்ச்சொல்லைக் கேட்டு மகிழ்வதற்குமுன் அச்சொல் கட்டடத்தில் எவ்விடத்தைக் குறிக்கின்றது என்று வினவும் பழக்கம் மாணவர்க்கு வருமாயின், தமிழ்ப் பாடவேளை வீண்போகவில்லை என்பேன்.

பிடித்துக்கொள்ளும் தாங்கல்களும் உள. கொடிக்குக் கொழுகொம்பு, நடப்பவனுக்கு ஊன்றுகோல். வழுக்கு நிலத்தில் ஊன்றுகோல் போன்றது ஒழுக்கமுடையோர் வாய்ச்சொல் என்று திருக்குறளின் கேள்வி அதிகாரம் கூறும். ஆடி மாத மழையில் தேயிலை மலைச் சரிவில் ஏறி இறங்குபவருக்கு அவ்வுவமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. யானையைக் கட்டும் தூண் கந்து. தறி என்பதும் அதுவே. தெய்வம் உறையும் தூணும் கந்து எனப்பட்டது. மணிமேகலையில் வருவதுரைக்கும் கந்திற்பாவை அத்தகைய தூணில் அமைந்த தெய்வப் பாவை. தொல்காப்பியப் புறத்திணையியலில் வரும் கந்தழி என்பதற்கு நச்சினார்க்கினியர், ஒரு பற்றுக்கோடுமின்றித் தானே நிற்கும் பொருள் எனக் கடவுளைக் கருதி உரைத்தார். கந்து அழிந்தது கந்தழி. தூணிலும் துரும்பிலும் இருப்பவன் என்று நாம் கூறும் பொருளுக்கே தூண் வேண்டா என்பது அவ்வுரையின் நயம்.

தாங்குவதற்கன்றி நடுவதற்கென்றே நடும் கால்களும் நம்மிடையே உண்டு. கோயிற் கொடிமரம் ஒரு கூரையையும் தாங்குவதில்லை. மாசி மாதத்தில் நமது தோட்டங்களிற் காமன் கூத்துத் தொடங்கும்போது கம்பம் ஊன்றுவர். அது நடப்பட்ட நாள்முதல் ஊர் கட்டுப்பாட்டிற்கு உட்படும். கண்டி எசல பெரகராவின் தொடக்கத்திற் பாலுள்ள மரமொன்றை வெட்டி நான்கு தேவாலயங்களிலும் 'கப்' நடுவர். திருமணத்திற்கு யாழ்ப்பாணத்திற் கன்னிக்கால் ஊன்றுவர். இந்திய வழிவந்தோர் முகூர்த்தக்கால் நடுவர். பந்தலைத் தாங்குவன வேறு கால்கள். இந்தக் கால் நன்னாளைத் தாங்குவது. கன்னிக்காலுக்கு யாழ்ப்பாணத்தார் கொள்ளும் மரம் முள்முருங்கை. நமது தேயிலைச் செடிகளுக்கு நிழலுக்கும் பசளைக்குமாக நட்டுவந்த மரங்களுள் அதுவும் ஒன்று. அதன் கொப்பை வெட்டி ஈரமண்ணில் ஊன்றினால் இலகுவில் வேர்விட்டுத் தளிர்த்துவிடும். அவ்வாறு தளிர்த்தபின் அதனைக் கால் என்பதா, மரம் என்பதா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். இரண்டும் பொருந்தும் என்றேன்.